நீலம் ஏறாத எலும்பு: தானத் திசுவில் வைரஸை வேதிமுறையில் அழிக்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தானமாகப் பெற்ற எலும்பு, தசைநாண் போன்றவற்றைப் பதப்படுத்தி நோயாளிகளுக்கு அனுப்பும் இடம் திசு வங்கி. அங்கே வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாள் நான் எந்தக் கையேட்டையும் கொடுப்பதில்லை. மெத்திலீன் நீலம் கரைத்த ஒரு குவளைத் தண்ணீரையும் இரண்டு எலும்புக் கட்டிகளையும் கொடுப்பேன். பயிற்சிக்கு விலங்கு எலும்பே போதும். இரண்டும் தொடை எலும்பின் பந்துமுனையிலிருந்து ஒரே அளவில் அறுத்தவை. ஒன்று மஜ்ஜை போகக் கழுவிக் கொழுப்பு நீக்கியது. மற்றொன்று அறுத்தது அறுத்தபடி. ஒரு மணி நேரம் ஊறிய பிறகு இரண்டையும் நடுவில் அறுத்துப் பார்க்கச் சொல்வேன். கழுவிய கட்டியில் நீலம் உள்ளே வரை ஏறியிருக்கும். கழுவாததில் விளிம்பை ஒட்டி ஒரு மெல்லிய நீலக் கோடு, அவ்வளவுதான். நடுவே மஞ்சள் கொழுப்பு ஈரம்கூடப் படாமல் பளபளத்துக்கொண்டு இருக்கும்.

அந்தக் குவளையில் சாயத்துக்குப் பதில் உலகின் மிக வலிமையான கிருமிநாசினி இருந்திருந்தாலும் அந்த மஞ்சள் பகுதிக்குப் போயிருக்காது. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது. எந்த மருந்து, எத்தனை சதவீதம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்பவர் குறைவு.

ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டு யாரும் தனியாகக் கரைசல் கலக்கப் போவதில்லை. உங்கள் வங்கியின் சரிபார்க்கப்பட்ட செயல்முறை ஏட்டில் இருப்பதைத்தான் செய்வீர்கள். அந்த ஏட்டில் ஒவ்வொரு வரியும் ஏன் இருக்கிறது என்று புரிவதற்காகவே இது.

இந்தக் கவலை எங்கிருந்து வந்தது

1985-இல் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூட்டில் இறந்த ஓர் இளைஞரின் உறுப்புகளும் திசுக்களும் தானமாகப் பெறப்பட்டன. எச்.ஐ.வி. தொற்றை எதிர்த்து உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளை (ஆன்டிபாடி) ரத்தத்தில் தேடும் பரிசோதனை அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்தது. அவர் ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. உண்மையில் அவருக்குத் தொற்று இருந்தது. ஆனால் எதிர்ப்புப் பொருள் இன்னும் உருவாகாத காலகட்டம் அது. 1991-இல்தான் விஷயம் வெளியே வந்தது. பெற்றவர்களைத் தேடிப் பிடித்து 41 பேரைப் பரிசோதித்தபோது, உறுப்பு பெற்ற நால்வருக்கும், பதப்படுத்தாமல் உறைய வைத்த எலும்பு பெற்ற மூவருக்கும் தொற்று இருந்தது. மற்ற 34 பேருக்கு இல்லை. அந்த 34 பேரில் 25 பேர் எத்தனாலில் பதப்படுத்திய எலும்பைப் பெற்றவர்கள்.

இதை வாசித்தவுடன் "எத்தனால் காப்பாற்றியது" என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். அதே கொடையாளரின் எலும்பு ஒன்றில் மஜ்ஜை மட்டும் நீக்கி, எத்தனால் சேர்க்காமல் உறைய வைத்திருந்தார்கள். அதைப் பெற்றவருக்கும் தொற்று வரவில்லை. ஒரே ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் கழுவியதற்கு எவ்வளவு பங்கு, மருந்துக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வியை அந்த ஒரு எலும்பு விட்டுச் சென்றது.

2002-இல் அதே கதை ஹெபடைடிஸ் சி ரூபத்தில் திரும்பி வந்தது. எதிர்ப்புப் பொருள் பரிசோதனையில் தேறிய ஒரு கொடையாளரிடமிருந்து எட்டுப் பேருக்குத் தொற்றியது. தசைநாண் பெற்றவர்களும் அதில் உண்டு. கதிர்வீச்சு பட்ட எலும்பைப் பெற்ற 16 பேரில் ஒருவருக்கும் இல்லை.

முதல் படி: வாசலிலேயே நிறுத்துவது

வேதிமுறையைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். எந்த வேதிப்பொருளும் வைரஸின் எண்ணிக்கையைக் குறைக்கத்தான் செய்யும். எத்தனையிலிருந்து குறைக்கிறது என்பதைத் தீர்மானிப்பது வாசல்தான்.

கொடையாளரின் உடல்நல வரலாறு, உடல் ஆய்வு, ரத்தப் பரிசோதனை ஆகிய மூன்றும் முடியாமல் திசு பதப்படுத்தும் அறைக்குள் வரக் கூடாது. ஹெபடைடிஸ் சி-க்கு எதிர்ப்புப் பொருள் உருவாக ஏறத்தாழ பத்து வாரங்கள் ஆகலாம். வைரஸின் மரபுப் பொருளையே நேரடியாகத் தேடும் நியூக்ளிக் அமிலப் பரிசோதனை அந்த இருட்டுக் காலத்தை ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருக்குகிறது. சுருக்குகிறதே தவிர, இல்லாமல் ஆக்குவதில்லை.

புதியவர்கள் தவறவிடும் ஒன்று ரத்தம் நீர்த்துப்போவது. விபத்தில் அடிபட்டவருக்கு இறப்பதற்கு முன் லிட்டர் கணக்கில் ரத்தமும் சலைனும் ஏற்றியிருப்பார்கள். அதன்பின் எடுத்த மாதிரியில் தெரிவது பாதி வேறு யாருடைய ரத்தமோ. மாதிரி எடுத்த நேரத்தையும் ஏற்றிய திரவத்தின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கு இடித்தால், ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அந்தக் கொடையை ஏற்க முடியாது. குடும்பத்தாரின் பெருந்தன்மையை நினைத்து மனம் இளகும். இளகினாலும் ஏற்க முடியாது.

இரண்டாம் படி: இந்தத் திசு மருந்தைத் தாங்குமா?

வைரஸைக் கொல்லும் எதுவும் உயிருள்ள செல்லையும் கொல்லும். கருவிழி, உயிரோடு பாதுகாக்கும் குருத்தெலும்பு, செல்கள் பிழைக்க வேண்டும் என்று உறைய வைக்கும் இதய வால்வு ஆகியவற்றை வேதிமுறையில் முழுக் கிருமிநீக்கம் செய்ய முடியாது. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் குளியல் கொடுப்பார்கள். அது பாக்டீரியாவுக்கு. வைரஸ் அதைப் பொருட்படுத்தாது. அங்கே நம் ஒரே காவல் முதல் படிதான்.

செல் தேவைப்படாமல் சட்டகம் மட்டும் போதும் என்கிற எலும்பு, தசைநாண், அம்னியான் எனும் பனிக்குடச் சவ்வு, தோல் போன்றவையே இந்த வழிமுறைக்கு உரியவை. அதிலும் எலும்பு தாங்குவதை எல்லாம் தசைநாண் தாங்கும் என்று எண்ண வேண்டாம். பெராசெட்டிக் அமிலத்தில் பதப்படுத்திய தசைநாணைச் செம்மறியாடுகளின் முழங்காலில் பொருத்திப் பார்த்த ஆய்வில், அது உடலோடு இணைந்து பலம் பெறுவது தாமதமானது. கிருமி போனது, கூடவே வலுவும் போனது என்றால் அறுவை மருத்துவருக்கு அதனால் என்ன பயன்?

மூன்றாம் படி: எதிரியைப் பிரித்துப் பார்ப்பது

வைரஸ்களைக் கொழுப்புறை உள்ளவை, இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் உறை போர்த்தியவை. அந்த உறை கொழுப்பால் ஆனது. சாராயமோ சவர்க்காரமோ பட்டால் கிழிந்துவிடும், கிழிந்தால் வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியாது. பெயரைக் கேட்டு நடுங்க வைக்கும் வைரஸ்கள்தான் வேதிமுறையில் எளிதில் விழுபவை என்பது ஒரு வேடிக்கை.

ஹெபடைடிஸ் ஏ, பார்வோ வைரஸ் பி19 போன்றவற்றுக்கு அந்தப் போர்வை இல்லை. வெளியே இருப்பது இறுக்கமான புரத ஓடு. எத்தனாலில் ஊற வைத்தாலும் பெரிதாக அசையாது. பிரியான் வேறு ஜாதி. அது வைரஸே இல்லை, மடிப்பு மாறிய புரதம். மூளையுறைத் திசு வழியாக, பிரியானால் வரும் மூளை நோயான குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாகோப் நோய் பரவியது 1987-இல் தெரிய வந்த பிறகு, அந்தத் திசுவைச் சோடியம் ஹைட்ராக்சைடில் பதப்படுத்தத் தொடங்கினார்கள். கீழே நான் சொல்லப்போகும் மருந்துகளில் எதையும் பிரியானுக்கு நம்ப வேண்டாம். அங்கேயும் கொடையாளர் தேர்வே காவல்.

நான்காம் படி: கழுவுதல்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். புதியவர்கள் இதை முன்வேலை என்று நினைத்து அவசரப்படுகிறார்கள். என்னைக் கேட்டால் கிருமிநீக்கத்தின் பாதி இதுதான்.

பஞ்சு எலும்பு என்பது தேன்கூடு மாதிரி. ஒவ்வோர் அறையிலும் ரத்தமும் மஜ்ஜையும் கொழுப்பும் அடைத்திருக்கும். வைரஸ் இருப்பது எலும்பின் சுண்ணாம்பில் அல்ல, அந்த அடைப்பில். ஆகவே முதலில் ஒட்டியிருக்கும் தசை, சவ்வு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் கத்தியால் சுரண்டி எடுங்கள். பிறகு பதப்படுத்தும் அளவுக்கு அறுங்கள். பந்துமுனையை முழுசாகப் போட்டுவிட்டுப் பிறகு அறுப்பது தலைகீழ் வேலை. சிறிதாக அறுத்தால் மருந்து போக வேண்டிய தூரம் குறையும்.

அடுத்தது தண்ணீர். மிதமான வெதுவெதுப்பில் அழுத்தத்துடன் பீய்ச்ச வேண்டும். குளிர்ந்த நீரில் கொழுப்பு உறையும். கொதிக்கிற நீரில் புரதம் வெந்து அறைகளை அடைத்துக்கொள்ளும், பிறகு அதை எடுக்கவே முடியாது. பீய்ச்சும்போது முதலில் சிவப்பு வரும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு தெளிவு. தெளிந்தவுடன் நிறுத்திவிடுகிறார்கள். அது ரத்தம் போனதற்கான அடையாளம். கொழுப்பு தண்ணீரில் நிறம் காட்டாது. துண்டை எடுத்து உறிஞ்சுதாளில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். காய்ந்த பிறகும் தாளில் எண்ணெய்க் கறை ஒளி ஊடுருவும்படி தெரிந்தால் வேலை முடியவில்லை. மையவிலக்கியில் சுழற்றுவது, மீயொலிக் குளியல், சவர்க்காரம், கொழுப்புக் கரைப்பான் என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு வரிசை உண்டு. உங்கள் ஏட்டில் உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: மருந்து

எத்தனால் 70 சதவீதம். "சுத்த ஆல்கஹால் இன்னும் வலிமையாயிற்றே" என்று ஒவ்வொரு தொகுதிப் பயிற்சியிலும் ஒருவர் கேட்பார். புரதம் குலைவதற்குத் தண்ணீர் வேண்டும். சுத்த எத்தனால் வெளிப்பரப்பை இறுக்கிவிட்டு அங்கேயே நின்றுவிடும். உறையுள்ள வைரஸுக்கு நல்ல ஆயுதம். பாக்டீரிய வித்துகளை, அதாவது சில பாக்டீரியாக்கள் எடுக்கும் கடினமான உறங்கு வடிவங்களை, அது கொல்லாது, உறையில்லாத வைரஸ்களிடம் தடுமாறும். ஆகவே எத்தனாலில் மட்டும் ஊறிய திசுவைக் கிருமிநீக்கம் ஆனது என்று எழுத முடியாது.

ஹைட்ரஜன் பெராக்சைடு எலும்பை வெளுக்க வைக்கும், மிச்ச ரத்தத்தில் பட்டு நுரைக்கும். அந்த நுரை நன்றாக வேலை நடக்கிறது என்ற மயக்கத்தைத் தரும். ரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி உங்கள் பெராக்சைடைத் தின்று தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் மாற்றுகிறது என்பதே அந்த நுரைக்கு அர்த்தம். நுரை வந்தால் கழுவியது போதவில்லை என்று படியுங்கள்.

என் கருத்தில் இந்தப் பட்டியலின் கதாநாயகன் பெராசெட்டிக் அமிலம். வினிகரை மூக்கருகில் குத்தியது போன்ற நெடி. அது ஆக்சிஜனேற்றத்தால் புரதம், கொழுப்பு, மரபுப் பொருள் என்று எல்லாவற்றையும் தாக்கும், வித்துகளையும் விடாது. வேலை முடிந்ததும் அசெட்டிக் அமிலம், தண்ணீர், ஆக்சிஜன் என்று சிதைந்துவிடும். பெர்லினின் ஷாரிட்டே மருத்துவமனைத் திசு வங்கி இதை எத்தனாலோடு சேர்த்துப் பயன்படுத்துகிறது. 2 சதவீதப் பெராசெட்டிக் அமிலம் இரண்டு பங்கு, 96 சதவீத எத்தனால் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, குறைந்த அழுத்தத்தில் குலுக்கியபடி 4 மணி நேரம். எத்தனால் ஈரப்படுத்தி உள்ளே இழுத்துச் செல்ல, அமிலம் கொல்கிறது. அவர்கள் சோதித்த வைரஸ்களில் கடைசிவரை மல்லுக்கட்டியது ஹெபடைடிஸ் ஏ. எலும்பின் கொழுப்பை முன்கூட்டியே நீக்கியபோது அதுவும் அடங்கியது. மறுபடியும் நம் மஞ்சள் கொழுப்புதான்.

எத்திலீன் ஆக்சைடு வாயுவைப் பழைய ஏடுகளில் பார்ப்பீர்கள். அது திசுவில் விட்டுச் செல்லும் மிச்சத்தால் முழங்காலில் நீர் கோத்துப் பொருத்திய தசைநாண் கெட்டுப்போனது 1990 வாக்கில் வெளியானது. இன்று பெரும்பாலும் கைவிடப்பட்ட முறை.

ஆறாம் படி: தொடுகை

மருந்து ஏறாத மூலை எதுவும் இருக்கக் கூடாது. இதற்கு நான்கைக் கவனியுங்கள்: நேரம், வெப்பநிலை, அசைவு, அளவு. வெப்பநிலை குறைந்தால் வேகம் குறையும், ஆகவே காலையில் குளிர்பதனம் அதிகமாக ஓடிய அறையில் தொடங்கிய தொகுதியும் மதியத் தொகுதியும் ஒன்றல்ல. கரைசலின் வெப்பநிலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் எழுதுங்கள். கலத்தில் துண்டுகளைத் திணிக்காதீர்கள். ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும் முகத்தில் மருந்து படாது.

காற்றை மறக்காதீர்கள். எலும்பின் அறைகளில் சிக்கிய காற்றுக்குமிழி ஒரு சுவர். வெற்றிடம் இழுப்பதும் விடுவதும் அதற்காகத்தான். ஒரு முறை எங்கள் தொகுதியில் ஒரு துண்டு மிதந்துகொண்டிருந்ததை நான்கு மணி நேரம் முடிந்து மூடியைத் திறந்தபோதுதான் பார்த்தேன். கரைசலுக்கு மேலே கட்டைவிரல் நகம் அளவு எலும்பு தலைநீட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு சுற்றுப் போட்டுவிடலாம் என்றார் உடனிருந்தவர். இரண்டு சுற்று போட்ட எலும்பின் வலுவை நாங்கள் சோதித்ததே கிடையாது. துண்டைக் கழித்து, கலத்தில் அழுத்திப் பிடிக்கும் சல்லடைத் தட்டு ஒன்று செய்துகொண்டோம்.

பெராசெட்டிக் அமிலத்தின் செறிவு புட்டியில் ஒட்டிய சீட்டில் இருப்பதல்ல. அது தானாகவே சிதையும். தொடங்கும் முன் அளந்து எழுதுங்கள், முடிவிலும் அளந்து எழுதுங்கள். முடிவில் அளவு சரிந்திருந்தால் கழுவாத புரதம் தின்றிருக்கிறது என்று பொருள். புட்டியின் மூடி காற்று வெளியேறும் வகையாக இருக்க வேண்டும், இறுக்கி மூடினால் வெடிக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, வாயு உறிஞ்சும் மேடை இல்லாமல் அதைத் திறக்கவே வேண்டாம்.

ஏழாம் படி: மருந்தை வெளியேற்றுவது

உள்ளே போன அதே வழியில் மருந்து வெளியே வர வேண்டும். கிருமியைக் கொன்ற மிச்சம் நோயாளியின் செல்லையும் கொல்லும். உப்புக் கரைசலில் பல முறை அலசி, கடைசி அலசலின் நீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்துப் பாருங்கள். அலசலின் நீர் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. துண்டைப் புதிய நீரில் சிறிது நேரம் ஊற வைத்து, அந்த நீரையும் பாருங்கள், ஏனென்றால் ஆழத்தில் இருப்பது மெதுவாகத்தான் கசியும். சோடியம் தயோசல்பேட் பெராசெட்டிக் அமிலத்தை முறியடிக்கும். அதையும் பிறகு அலசித்தான் எடுக்க வேண்டும்.

எட்டாம் படி: நிரூபிப்பது

திசுவை வளர்ப்பு ஊடகத்தில் 14 நாட்கள் வைத்து ஒன்றும் முளைக்கவில்லை என்றால் கிருமியற்றது என்று சான்று தருகிறோம். அது பாக்டீரியாவும் பூஞ்சையும் முளைக்கிறதா என்று பார்க்கும் சோதனை. வைரஸ் அதில் முளைக்காது. இதைப் புரியாமல் "சோதனையில் தேறியது, வைரஸ் இல்லை" என்று எழுதிய அறிக்கையை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வைரஸுக்கு நிரூபணம் முன்கூட்டியே, ஒரே ஒரு முறை, தனி ஆய்வகத்தில் நடக்கிறது. எலும்புத் துண்டில் தெரிந்த அளவு வைரஸை வேண்டுமென்றே ஏற்றி, உங்கள் முறையில் பதப்படுத்தி, எவ்வளவு மிஞ்சியது என்று எண்ணுவார்கள். ஹெபடைடிஸ் சி ஆய்வகத்தில் எளிதில் வளராது என்பதால் அதன் உறவுக்கார மாட்டு வைரஸ் ஒன்றைப் பயன்படுத்துவார்கள். உறையில்லாதவற்றுக்கு ஹெபடைடிஸ் ஏ, பன்றிப் பார்வோ வைரஸ் போன்றவை. குறித்த நிமிடத்தில் மருந்தை முறியடித்தார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். முறியடிக்காவிட்டால் எண்ணும் வேளையிலும் மருந்து கொன்றுகொண்டே இருக்கும், முறை உள்ளதைவிட நல்லதாகத் தெரியும். வைரஸை வெறும் திரவத்தில் கலந்து சோதித்த அறிக்கையும் உங்களுக்கு உதவாது.

முடிவை லாக் கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு லாக்குக்கும் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறையும். 4 லாக் என்றால் பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்சும். ஒரு துண்டில் 10 லட்சம் இருந்திருந்தால் 100 மிஞ்சும். கழுவியதிலேயே 2 லாக் போயிருந்தால் பத்தாயிரத்தில் தொடங்கி ஒன்றில் நிற்கும். ஒரே எத்தனாலில் இரண்டு முறை ஊற வைத்துவிட்டு லாக்குகளைக் கூட்டாதீர்கள். முதல் முறை தப்பியது எட்டாத மூலையில் இருப்பது, இரண்டாம் முறையும் எட்டாது. வேறு வேறு வழியில் தாக்கும் படிகளைத்தான் கூட்டலாம். பொட்டலம் கட்டிய பிறகு காமா கதிர்வீச்சு, வழக்கமாக 25 கிலோகிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), சேர்ப்பது அதனால்தான். வேதிமுறைக்குப் பிறகு கைபட்டு வந்த கிருமியையும் அது பார்த்துக்கொள்ளும். அளவு ஏற ஏறத் தசைநாண் நொய்ந்துபோகும் என்பதால் அதையும் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, பதிவேடு

கொடையாளர் எண், தொகுதி எண், துண்டின் எண், கரைசலின் செறிவு, வெப்பநிலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், செய்தவர் கையெழுத்து. மருத்துவமனைக்குப் போகும் பொட்டலத்தில், நோயாளியின் விவரத்தை நிரப்பித் திருப்பி அனுப்ப ஓர் அட்டை இருக்கும். அட்டைகள் வந்து சேர்வதில்லை என்பது எல்லா வங்கிகளின் புலம்பல். வராவிட்டால் தொலைபேசியில் கேளுங்கள். மறுபடியும் கேளுங்கள். 1985-இன் அந்த ஒரு கொடையாளரிடமிருந்து போன உறுப்புகளும் திசுத் துண்டுகளும் 58. ஆறு ஆண்டுகள் கழித்துத் தேடியபோது, வாங்கிய மருத்துவமனைகளால் 52-க்கு மட்டுமே கணக்குச் சொல்ல முடிந்தது.